ஹொகுசாயின் அலையா, ஹிரோஷிகேயின் மழையா?

உலகம் முழுக்கப் பரவிய ஜப்பானிய மரப்பலகை அச்சு எது என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம், ஹொகுசாயின் ‘பெரிய அலை’தான். 1831 வாக்கில் அச்சானது. 1905இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸ்ஸியின் கடல் பற்றிய இசைக்கோவை அச்சானபோது அட்டையில் இந்த அலை இருந்தது. 2024இல் ஜப்பானின் 1000 யென் நோட்டுக்கே வந்துவிட்டது. கிட்டப் போய்ப் பாருங்கள்: நுரையின் நுனிகள் நகங்களாய் வளைந்து, கீழே தவிக்கும் மூன்று படகுகள்மேல் பாயக் காத்திருக்கின்றன. நடுவே ஃபூஜி மலை, இன்னொரு சிற்றலை அளவுக்குத்தான். அந்த ஆழ்ந்த நீலம் பெர்லினில் பிறந்த பிரஷ்யன் நீலம் என்ற செயற்கைச் சாயம். சட்டை, கோப்பை, சுவர் என்று எங்கே ஏறினாலும் அலையின் வேகம் குறைவதில்லை.

இன்னொரு ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857இல் வரைந்த ஷின்-ஓஹாஷி பாலத்து மழைக்கு அவ்வளவு பெயர் இல்லை. ஆனால் மற்ற ஓவியர்களுக்குப் பாடம் சொன்னது எது என்றால், நான் மழையின் பக்கம். திடீர் மழையை மெல்லிய கறுப்புக் கோடுகளாகவே இறக்கியிருக்கிறார். பாலத்தில் ஆட்கள் குனிந்தபடி ஓடுகிறார்கள். அத்தனை கோடுகளையும் மரத்தில் செதுக்கிய கைகளை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது! 1887இல் பாரிஸில் டச்சு ஓவியர் வான்கோ இதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். சுற்றிலும் ஜப்பானிய எழுத்துகளால் ஒரு சட்டகமும் அவரே சேர்த்தார்.