முன்பக்க நடுக்கம்: டயரா, கோன் செட்டா?

ஸ்கூட்டர் ஹேண்டில் நடுங்கினால் பலரும் நேராக கோன் செட்டை, அதாவது ஹேண்டில் தண்டு திரும்ப உதவும் பேரிங்குகளை, மாற்றிவிடுகிறார்கள். முதலில் டயர் சூடாகும் முன் காற்றைப் பாருங்கள்.

டயர் கோளாறு என்றால் வேகத்தோடு அதிர்வும் மாறும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்னால் ஒருவர் அழுத்த, முன்சக்கரத்தைச் சுழற்றுங்கள். பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரை அசையாமல் பிடித்தால் ரிம் வளைவும் டயர் புடைப்பும் தெரிந்துவிடும். புடைத்த டயரில் உள்ளிழை அறுந்திருக்கும். அதோடு ஓட்டவே கூடாது.

கோன் செட் வேறு மாதிரி. முன்பிரேக் பிடித்தால் 'டக்' சத்தம். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து இழுத்தால் ஆட்டம். முன் சஸ்பென்ஷன் இணைப்பில் இருக்கும் லிங்க் புஷ் தேய்ந்தாலும் இதே சத்தம்தான், அதையும் பாருங்கள். ஹேண்டில் நேர்நிலையில் சிக்கினால் பேரிங் குண்டுகள் ஓடும் வளையமான ரேஸில் பள்ளம் விழுந்திருக்கிறது; செட்டை மாற்றியே ஆக வேண்டும். ஆட்டம் மட்டும் என்றால் கோன் செட் நட்டை அளவாக இறுக்கினாலே தீரும்.