1904-க்குள் கூட்டிப் போகும் நடைச் சுற்றுலா: மேடிசனில் லா ஃபாலெட்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துப் பழைய கவர்னர் ராபர்ட் லா ஃபாலெட்டைப் பற்றி மட்டும் பேசும் இரண்டு மணி நேர நடைச் சுற்றுலா ஒன்று அதன் தலைநகர் மேடிசனில் கிடைத்தது, போய்வந்தேன். எட்டுப் பேர் கொண்ட சின்னக் குழு. மாநில சட்டமன்றக் கட்டடத்தில் தொடங்கி, ஸ்டேட் ஸ்ட்ரீட் வழியாக நடந்து, மென்டோட்டா ஏரிக்கரையில் உள்ள ரெட் ஜிம்மில் முடிகிறது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், அந்த ஒன்றை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது, வழிகாட்டி அவருடைய பிறப்பிலிருந்து ஆரம்பிக்காததுதான். 1855-இல் பிரிம்ரோஸில் மரக்கட்டை வீட்டில் பிறந்தார், அப்புறம் காங்கிரஸ் உறுப்பினர், 1901 முதல் கவர்னர் என்று நாலு வரியில் முடித்துவிட்டு, நேராக 1904-ஐ எடுத்துக்கொண்டார். அந்த வருடம் பிப்ரவரி 27-ஆம் தேதி அதிகாலையில் பழைய சட்டமன்றக் கட்டடம் தீப்பிடித்தது. புதிதாக வார்னிஷ் அடித்த கூரையில் கேஸ் விளக்கின் சுடர் பட்டதாம். காப்பீடு கொஞ்ச நாள் முன்புதான் விட்டுப்போயிருந்தது, பல்கலைக்கழக மாணவர்கள் ஓடிவந்து சட்ட நூலகத்துப் புத்தகங்களைக் கை மாற்றி வெளியே எடுத்தார்கள். இப்போது நாம் நிற்கும் கிரானைட் குவிமாடம் அதற்குப் பிறகு 1906-இல் தொடங்கி 1917-இல் முடிந்த கட்டடத்தினுடையது. குவிமாடத்தின் கீழே அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது, அதன் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இந்தத் தீ விபத்தைக் கேட்டோம்.

ரெட் ஜிம் வந்ததும் சுற்றுலா வேறு மாதிரி ஆகிவிட்டது. கோட்டை போலக் கோபுரங்கள் வைத்த சிவப்புச் செங்கல் உடற்பயிற்சிக் கூடம், 1904 மே மாதம் குடியரசுக் கட்சியின் மாநில மாநாடு நடந்த இடம். வழிகாட்டி எங்களை வாசலில் ஒற்றை வரிசையில் நிற்கவைத்து, இரண்டு பக்கமும் முள்வேலி இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். அன்றைக்கு உண்மையிலேயே அப்படித்தான் முள்வேலி கட்டி, சீட்டு வைத்திருக்கும் பிரதிநிதிகள் மட்டும் ஒவ்வொருவராக நுழையும்படி செய்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக் கால்பந்து வீரர்கள் காவலுக்கு. அதே கட்சிக்குள் அவருக்கு எதிரணியான ஸ்டால்வர்ட்கள் வெளியேறி, ஊரில் இருந்த ஆப்பரா ஹவுஸில் தனி மாநாடு போட்டுத் தனி வேட்பாளரை அறிவித்துவிட்டார்கள். அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம் லா ஃபாலெட் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நவம்பரில் மூன்றாவது முறையாக ஜெயித்தார், அதே தேர்தலில் வேட்பாளரை வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி சட்டமும் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது.

அதுவரை மாநாட்டில் பிரதிநிதிகளை வளைத்துப்போட்டால் வேட்பாளர் யார் என்பது முடிந்துவிடும், மக்கள் அதற்குப் பிறகு போடும் ஓட்டு வெறும் சடங்கு. 1896-இலும் 1898-இலும் மாநாட்டில் தோற்றவர் அவர், அந்த வலியிலிருந்து வந்த சட்டம் இது. ஆனால் அதே மனிதர் மாநாட்டை ஜெயிக்க முள்வேலி கட்டவும் தயங்கவில்லை. வழிகாட்டி இரண்டையும் ஒன்றாக எங்கள் முன் வைத்துவிட்டு, தீர்ப்பு எதுவும் சொல்லாமல் விட்டது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. லா ஃபாலெட்டின் மற்ற சீர்திருத்தங்களான ரயில்வே வரி, ரயில்வே கமிஷன் ஆகியவற்றைச் சீக்கிரம் கடந்துபோனார், அது பரவாயில்லை, நடந்துகொண்டே கேட்க அது கடினமான விஷயம்.

இப்போது குறைகள். பிறகு செனட்டரான லா ஃபாலெட், 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்குவதற்கு எதிராக வாக்களித்த ஆறு செனட்டர்களில் ஒருவர் என்பதைச் சொன்னார்கள். மறு வருடம் இதே பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள் 400 பேருக்கும் மேல் அவரைக் கண்டித்துக் கையெழுத்திட்டதைச் சொல்லவில்லை. 1904-இல் மாணவர்கள் காவல் நின்ற அந்தக் கட்டடத்தின் வாசலிலேயே இதைச் சொல்லாமல் விட்டது எனக்குப் பெரிய வருத்தம். 1924-இல் தனிக் கட்சியில் அதிபர் தேர்தலில் நின்று ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்கியதும் ஒரே வாக்கியத்தில் போய்விட்டது.

அதைவிட, அவருடைய மனைவி பெல் கேஸ் லா ஃபாலெட். விஸ்கான்சின் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் 1885-இல் பட்டம் வாங்கிய முதல் பெண், பெண்களின் வாக்குரிமைக்காக ஊர் ஊராகப் பேசியவர், கணவர் 1925-இல் இறந்ததும் அந்த செனட் இடத்துக்கு நிற்கும்படி கேட்டபோது மறுத்தவர். இரண்டு மணி நேரத்தில் அவர் பெயர் வந்தது ஒரே ஒரு தடவை, "அவருடைய மனைவி" என்று. நான் கேட்ட பிறகு வழிகாட்டி அருமையாகப் பேசினார், அதனால் தெரியாமல் விடவில்லை என்பது புரிந்தது. நீங்கள் போனால் சிலையருகே நிற்கும்போதே கேட்டுவிடுங்கள், ரெட் ஜிம் போன பிறகு நேரம் இருக்காது.

ஏரிக்காற்று நன்றாகக் குளிரும், கையுறை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபாரஸ்ட் ஹில் கல்லறைத் தோட்டம் இந்த வழியில் வராது, மேற்கே தள்ளி இருக்கிறது. மத்தியானம் நானே போய்ப் பார்த்தேன், இரண்டு பேரும் அங்கேதான் இருக்கிறார்கள்.