ரிசப்டருக்குப் பேர் வைக்கிறது: மருந்தை வச்சா, ஜீனை வச்சா, லிகண்டை வச்சா?

ரிசப்டர்னா செல்லுல இருக்கிற புரதம், அதுல வந்து ஒட்டுற பொருள்தான் லிகண்ட். புதுசா ஒரு ரிசப்டர் சப்டைப் (உள்வகை) சிக்குச்சுன்னா பேர் வைக்க மூணு வழி இருக்கு, மூணுலயும் ஆளுங்க கையைச் சுட்டுக்கிட்டாங்க.

மருந்தை வச்சு வைக்கிறது பழைய வழி. 1957ல காடம், பிகரெல்லின்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க கினிப்பன்றிக் குடல்துண்டுல செரோட்டோனின் (நரம்பு சேதி கடத்துற ஒரு வேதிப்பொருள்) ரிசப்டரை ரெண்டா பிரிச்சாங்க, ஒண்ணை டைபென்சிலின் அடக்குச்சு அதனால டி, இன்னொண்ணை மார்ஃபின் அடக்குச்சு அதனால எம். ஜீன் கையில இல்லாத காலம், குத்தம் சொல்ல முடியாது. ஆனா மார்ஃபின் அந்த ரிசப்டர்ல போய் உக்காரவே இல்ல, நரம்புல அசிட்டைல்கோலின்ங்கிற இன்னொரு சேதிப் பொருள் வெளிய வர்றதைத்தான் அமுக்குச்சு. சிக்மா ரிசப்டர் கதை இன்னும் மோசம், 1976ல ஓபியாய்டு (மார்ஃபின் மாதிரி மருந்து ஒட்டுற) குடும்பத்துல சேர்த்தாங்க, பிறகு ஓபியாய்டு ரிசப்டரை அடைக்கிற நலாக்சோனுக்கு மசியலன்னு தெரிஞ்சதும் வெளிய தள்ளிட்டாங்க, பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு.

ஜீன் சீக்வென்ஸ் வந்ததும் நிறைய சுத்தமாச்சு. செரோட்டோனின் நல்லா இறுக்கமா ஒட்டுதேன்னு 5-எச்டி1சின்னு (5-எச்டின்னா செரோட்டோனின்தான்) ஒண்ணை முதல் குரூப்ல போட்டிருந்தாங்க, குளோன் பண்ணிப் பார்த்தா சீக்வென்ஸும் சரி உள்ள போற சிக்னலும் சரி அப்படியே ரெண்டாவது குரூப் ஜாடை, அதனால 5-எச்டி2சி ஆச்சு. 1சி இடம் இன்னைக்கும் காலி, வேற யாருக்கும் குடுக்கல, நல்ல வேலைன்னு சொல்வேன். ஏன்னா பழைய பேப்பர் படிக்கிறவன் தலை சுத்திப்போவான். அட்ரினலின் ரிசப்டர்கள்ல ஆல்ஃபா1சியும் அதே மாதிரி காலிதான்.

அதுக்காக ஜீன் கிடைச்சாச்சுன்னு உடனே குடும்பத்துல சேர்த்துடலாமா? ஏடிபி ரிசப்டர்னு நம்பி பி2ஒய்7னு வச்சாங்க, அது லூகோட்ரைன் பி4ங்கிற அழற்சிப் பொருளோட ரிசப்டரா போச்சு, இப்ப பேர் பிஎல்டி1.

மூணாவது, உடம்புல இயல்பா ஒட்டுற லிகண்ட் பேரும் பின்னாடி நம்பரும். 1987ல வந்த ஐயூஃபார் (உலக மருந்தியல் சங்கம்) பேர் வைக்கிற கமிட்டி பிடிச்சு நிக்கிற வழி இது. லிகண்ட் தெரியாத வரைக்கும் ஜிபிஆர்னு வெறும் நம்பர்தான், அப்படி இருந்த ஜிபிஆர்40க்கு லிகண்ட் கொழுப்பு அமிலம்னு தெரிஞ்சதும் எஃப்எஃப்ஏ1 (ஃப்ரீ ஃபேட்டி ஆசிட்) ஆச்சு, பேரைப் பார்த்தாலே வேலை புரியுது. ஆனா கமிட்டி சொன்னா எல்லாம் கேட்டுடுவாங்களா என்ன, ஓபியாய்டு ரிசப்டர்கள்ல டெல்டா, கப்பா, மியூவைத் தூக்கிட்டு ஓபி1, ஓபி2, ஓபி3ன்னு கொண்டுவந்தாங்க, ஒருத்தரும் சீண்டல, கடைசில பழைய கிரேக்க எழுத்தையே ஒட்டி டாப், காப், மாப்னு இறங்கி வந்தாங்க.

என் ஓட்டு மூணாவதுக்குத்தான், ஆனா லிகண்டை ரெண்டு லேபாவது தனித்தனியா காட்டுற வரைக்கும் ஜிபிஆர் நம்பரோடயே கிடக்கட்டும், அவசரப்பட்டு குடும்பப் பேர் வச்சு அப்புறம் மாத்துறதுக்கு அந்த மொட்டை நம்பர் எவ்வளவோ தேவலை.