பழைய சர்வர் பெயரோடு எஃப்எஸ்எக்ஸ்: டெராஃபார்ம் வழி டிஎன்எஸ் அலியாஸ், நீண்ட நாள் அனுபவம்

ஃபைல் சர்வரை கிளவுடுக்கு மாற்றும்போது டேட்டாவை நகர்த்துவதைவிடப் பெயர்தான் அதிகம் படுத்தும். கணக்குப் பிரிவின் எக்செல் லிங்க், லாகின் ஸ்கிரிப்ட், மேப் செய்த டிரைவ் எல்லாவற்றிலும் பழைய சர்வரின் பெயர் ஊறிக் கிடக்கும். அமேசானே நடத்தித் தரும் கிளவுட் ஃபைல் சர்வரான எஃப்எஸ்எக்ஸ் விண்டோஸ் ஃபைல் சர்வர் தானாகத் தரும் பெயரோ எழுத்தும் எண்ணும் கலந்தது, வாயில் நுழையாது. 2020 நவம்பரில் வந்த அலியாஸ் (மாற்றுப் பெயர்) வசதி இதற்குத்தான். ஒரு ஃபைல் சிஸ்டத்துக்கு 50 பெயர் வரை வைக்கலாம்.

கிளவுட் அமைப்புகளைக் கோடாக எழுதிவைக்கும் டெராஃபார்மில் வேலை சுலபம். அலியாஸ் பட்டியலில் பெயரை டொமைனோடு முழுதாக எழுதி அப்ளை கொடுத்தால், ஃபைல் சிஸ்டத்தை இடித்துக் கட்டாமல் பெயரை மட்டும் சேர்க்கும். இரண்டரை நிமிடம் வரை ஆகலாம். அமேசானுக்கான பைத்தான் லைப்ரரி போட்டோ3-இல் (boto3) எழுதினால் ஸ்டேட்டஸ் 'அவைலபிள்' ஆகிவிட்டதா என்று நாமே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ஆனால் அந்த ஒரு வரியோடு வேலை முடிவதில்லை. பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ்ஸில், ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் சிநேம் ரெக்கார்டு நாம்தான் போட வேண்டும். பெயரை நேரே ஐபிக்குக் கட்டும் ஏ ரெக்கார்டு போடாதீர்கள். மல்டி-ஏஇசட் (இரண்டு டேட்டா சென்டர் பகுதிகளில் ஓடும் அமைப்பு) என்றால், ஒன்று விழுந்து மற்றொன்று பொறுப்பேற்கும் ஃபெயில்ஓவரில் அது காலை வாரும்.

அடுத்தது எஸ்பிஎன், அதாவது இந்தப் பெயரின் சேவை எந்த மெஷினுடையது என்று ஆக்டிவ் டைரக்டரியில் சொல்லும் பதிவு. பழைய சர்வரின் கம்ப்யூட்டர் ஆப்ஜெக்டிலிருந்து (அங்கே அந்த மெஷினுக்குள்ள கணக்கு) அதை எடுத்து, எஃப்எஸ்எக்ஸின் ஆப்ஜெக்டில் 'செட்எஸ்பிஎன்' கமாண்டால் சேர்க்க வேண்டும். குட்டிப் பெயர், முழுப் பெயர் இரண்டுக்கும். பயனர்கள் அடிப்பது பெரும்பாலும் குட்டிப் பெயரைத்தான்.

பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க மறந்தாலும் ஷேர் திறக்கும் என்பதுதான் வம்பு. டிக்கெட் வழி லாகின் சரிபார்க்கும் கெர்பரோஸ் கிடைக்காமல், அதைவிடப் பழைய, பலவீனமான என்டிஎல்எம் முறைக்கு இறங்கிவிடும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். செக்யூரிட்டி டீம் குரூப் பாலிசியில் என்டிஎல்எம்மை அடைக்கும் நாளில்தான் எல்லோருக்கும் கதவு சாத்தப்படும். அதனால் அப்ளை முடிந்ததும் ஷேரைத் திறந்துவிட்டு, கெர்பரோஸ் டிக்கெட்டுகளைக் காட்டும் 'கேலிஸ்ட்' (klist) கமாண்டை ஓட்டிப் பாருங்கள். 'சிஃப்ஸ்' (cifs, ஃபைல் ஷேர் சேவையின் பெயர்) என்று தொடங்கி நம் அலியாஸ் பெயரைச் சொல்லும் டிக்கெட் இருந்தால் சரி. (பழைய ஸ்கேனர்களுக்கு என்டிஎல்எம் தவிர வேறு தெரியாது. அவற்றுக்குத் தனி வழிதான்.)

இத்தனைக்கும் பிறகு, டெராஃபார்மை விட்டு அமேசானின் வெப் கன்சோலுக்குத் திரும்ப எனக்கு மனமில்லை. எந்தப் பெயரை யார், எதற்காகச் சேர்த்தார்கள் என்பது கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டிலேயே (Git) இருக்கிறது. பேக்கப்பிலிருந்து மீட்டால் வருவது புது ஃபைல் சிஸ்டம், அதற்கு வேறு பெயர். சிநேமைத் திருப்பி, எஸ்பிஎன்னை இடம் மாற்ற வேண்டும். ஸ்கிரிப்ட் கையில் இருப்பவருக்கு அன்று பதற்றம் குறைவு. கோடில் அலியாஸை நீக்கினால் சிநேமும் எஸ்பிஎன்னும் அப்படியே தங்கும் என்பதையும் கவனியுங்கள்.

எஸ்பிஎன் சேர்ப்பதை டொமைனில் சேர்ந்த ஒரு மெஷினில் பவர்ஷெல் ஸ்கிரிப்டாக, தானாக ஓடும் பைப்லைனில் ஓட்டுகிறோம். பழைய சர்வரின் எஸ்பிஎன்னை நீக்குவதை மட்டும், ஆள் பக்கத்தில் இருந்து, ஆபீஸ் நேரம் முடிந்தபின் கையால்தான் செய்கிறோம்.