ரியாக்ட் ஹூக் ஃபார்மும் கீபோர்டு ஃபோகஸும்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் அலுவலகத்தின் பில் பதிவு மென்பொருளில் சில வருடங்களாக ரியாக்ட் ஹூக் ஃபார்ம்தான் ஓடுகிறது; ரியாக்டில் எழுதும் படிவங்களைக் கையாளும் லைப்ரரி இது. அதன் வேகத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் ஃபோகஸைப் பற்றி, அதாவது கர்சர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாள் முழுக்க மவுஸைத் தொடாமல் பில் ஏற்றுகிறவர்களுக்கு அதுதான் உயிர்.

முதலில் நல்லது. சேமிக்கும்போது பிழை இருந்தால், பிழையுள்ள முதல் கட்டத்துக்குக் கர்சர் தானாகவே போய்விடும். சாதாரண இன்புட் என்றால் அதற்காக ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

நாமே செய்த காம்போனென்ட் (திரையில் மறுபடி மறுபடி பயன்படுத்தும் துண்டு) என்றால்தான் கவனம் தேவை. லேபிள், இன்புட், பிழைச் செய்தி மூன்றையும் சேர்த்து ஒரு டெக்ஸ்ட்ஃபீல்ட் செய்து, அதை லைப்ரரியோடு இணைக்கும் கன்ட்ரோலருக்குள் வைக்கிறோம். கன்ட்ரோலர் தரும் வேல்யூ (மதிப்பு), ஆன்சேஞ்ச் (மதிப்பு மாறும்போது ஓடுவது), ஆன்ப்ளர் (கட்டத்தைவிட்டு வெளியேறும்போது ஓடுவது) எல்லாம் கொடுத்துவிட்டு, இன்புட்டைச் சுட்டிக்காட்டும் ரெஃபை மட்டும் விட்டுவிட்டால் எந்த எச்சரிக்கையும் வராது. மதிப்பு சேமிக்கப்படும், பிழையும் சிவப்பில் தெரியும். ஆனால் கர்சர் சேமி பட்டனைவிட்டு நகராது. அந்த ரெஃப் உள்ளே இருக்கும் இன்புட் வரை போய்ச் சேர வேண்டும். 2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19-இல் ரெஃப், காம்போனென்ட்டுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் சாதாரண ப்ராப் ஆகிவிட்டதால், அதை உள்ளே கடத்த ஃபார்வர்ட்ரெஃப் சுற்றும் வேலை மிச்சம்.

அடுத்தது வரிசை. இந்த லைப்ரரி, கட்டங்கள் பதிவான வரிசையில்தான் முதல் பிழையைத் தேடுகிறது. திரையில் தெரியும் வரிசையில் அல்ல. 'பதிவு பெற்ற வணிகர்' என்று தேர்ந்தெடுத்த பிறகே ஜிஎஸ்டி எண் கட்டம் மேலே முளைக்கிறது என்று வையுங்கள். அது கடைசியாகப் பதிவாவதால், கர்சர் அதைத் தாண்டிக் கீழே இருக்கும் தொகைக் கட்டத்துக்குப் போய்விடும். நாங்கள் தானியங்கி ஃபோகஸை அணைத்துவிட்டு, பிழையைக் குறிக்கும் ஏரியா-இன்வாலிட் 'ட்ரூ' என்று இருக்கும் முதல் கட்டத்தைப் பக்கத்தில் தேடி ஃபோகஸ் கொடுக்கிறோம். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்கு எப்படியும் அந்தக் குறி வேண்டும்.

அப்புறம் என்டர் கீ. டேலி கணக்கு மென்பொருளில் பழகிய கை, என்டர் தட்டித்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும். பிரவுசரில் அதே என்டர் ஃபார்மையே சமர்ப்பித்துவிடும். என்டர் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போவதை நாமேதான் எழுத வேண்டும். ஆனால் காம்போனென்ட்டுக்குள் எழுதவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதே டெக்ஸ்ட்ஃபீல்டைத் தேடல் பெட்டியிலும் வைப்போம், அங்கே என்டர் தட்டினால் தேட வேண்டும். ஃபோகஸை வாங்கிக்கொள்ள வழி வைப்பதோடு காம்போனென்ட்டின் வேலை முடிந்தது. எப்போது, எங்கே என்பதை ஃபார்ம்தான் முடிவு செய்ய வேண்டும். தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்காக இன்னொன்று: ஒலிபெயர்ப்பு முறையில் பரிந்துரைச் சொல்லைத் தேர்வு செய்யவும் என்டர் தட்டுவார்கள். சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று பிரவுசர் சொல்லும் இஸ்கம்போசிங் 'ட்ரூ' என்று இருக்கும்வரை கர்சரை நகர்த்தாதீர்கள். இல்லையென்றால் வாடிக்கையாளர் பெயர் பாதியில் நிற்கும்.

பில்லின் பொருள் வரிகளுக்கு, வரிகளைச் சேர்க்கவும் நீக்கவும் லைப்ரரி தரும் யூஸ்ஃபீல்ட்அரே. புது வரி சேர்த்தால் அதன் கட்டத்துக்குக் கர்சர் தானே போகிறது, அருமை. வரியை நீக்கினால் அப்படி எதுவும் நடக்காது; நீக்கு பட்டனும் வரியோடு மறைவதால் ஃபோகஸ் அந்தரத்தில் நிற்கும். அடுத்த வரியின் நீக்கு பட்டனுக்கும், வரியே மிஞ்சவில்லை என்றால் 'வரி சேர்' பட்டனுக்கும் நாங்களே அனுப்புகிறோம்.