மைக் இல்லாமல் ஐந்து பேர்: குன்னூர் சீசனில் ஒரு சேம்பர் கச்சேரி

மேடையில் மைக் இல்லை, ஸ்பீக்கர் பெட்டியும் இல்லை. நடுவில் ஒரு பியானோ, அதன் முன்னால் அரைவட்டமாக நாற்காலிகள், நோட்ஸ் வைக்கும் ஸ்டாண்டுகள். அவ்வளவுதான். போன சனிக்கிழமை சாயங்காலம் அப்பர் குன்னூரில் ஒரு பழைய ஆலய மண்டபத்தில் நடந்த இந்தக் கச்சேரியைப் பற்றி நான் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

நான் கோத்தகிரியில் பிள்ளைகளுக்குக் கர்நாடக வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். நம் சபாக்களில் வயலினை மைக் வழியாகத்தான் கேட்டுப் பழகியிருக்கிறோம். பாடுகிறவருக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு, வயலினுக்கு மூக்கருகே ஒன்று. வாசிக்கிறவருக்கே தன் நாதம் மானிட்டரிலிருந்துதான் திரும்பி வருகிறது. என் மாணவிகளுக்கு வயலின் என்றாலே அந்தச் சத்தம்தான். வீட்டில் வாசிக்கும்போது ஏன் மேடைச் சத்தம் வரவில்லை என்று வருத்தப்படுகிறார்கள். அவர்களை ஒருமுறையாவது இப்படி ஒரு அறையில் உட்காரவைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது. மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாவது வரிசையில் இடம் கிடைத்தது.

சேம்பர் மியூசிக் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது ஆர்கெஸ்ட்ரா இல்லை. முன்னால் நின்று குச்சி ஆட்டுகிற நடத்துநர் கிடையாது. இரண்டு பேரிலிருந்து எட்டு, ஒன்பது பேர் வரை, ஆளுக்கு ஒரு பாகம். ஒருவர் விட்டால் இன்னொருவர் மூடிவிட முடியாது. பெரிய வீட்டுக் கூடங்களில் நாலு பேர் சேர்ந்து வாசிப்பதற்காகவே எழுதப்பட்ட சங்கீதம் இது. அதனால்தான் முந்நூறு பேர் கொள்ளும் மண்டபம்கூட இதற்குக் கொஞ்சம் பெரிது. நாங்கள் போன இடத்தில் நூற்றிருபது நாற்காலி போட்டிருந்தார்கள். மரத் தரை, மர உத்தரம். சரியான அளவு.

நிகழ்ச்சியை அடுக்கியிருந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் மூன்று பேர், அப்புறம் நான்கு பேர், இடைவேளைக்குப் பிறகு ஐந்து பேர். புதிதாக வருகிற வாத்தியத்தைக் காது தானாகவே தேடிக் கண்டுபிடிக்கிறது. விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை.

மூன்று பேருக்கு, ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் 1795-ல் எழுதிய ஜி மேஜர் டிரையோ, அதாவது மூவர் உருப்படி. வயலின், செல்லோ (முழங்காலுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும், கீழ் ஸ்தாயிப் பெரிய தந்தி வாத்தியம்), பியானோ. கடைசிப் பகுதியில் ஹங்கேரி நாட்டு ஜிப்சி ஆட்ட மெட்டு வருவதால் அந்தப் பெயரிலேயே பிரபலமானது. செல்லோவுக்கு இதில் பெரிய வேலை இல்லை, பியானோவின் இடதுகையோடு கூடவே நடக்கும். ஆனால் நடுப் பகுதியில் வயலின் ஒரு நீண்ட மெல்லிய மெட்டை எடுக்கிறது. வயலின் வாசித்த அம்மையார் வில்லை நுனியிலிருந்து அடிவரை இழுத்து, திருப்பும்போது திருப்பியதே தெரியவில்லை. வில் திரும்பும் இடத்தில் நாதம் அறுபடாமல் இருக்க வேண்டும் என்று நான் வகுப்பில் தொண்டை வறளச் சொல்வதை என் பிள்ளைகள் அன்று கண்ணால் பார்த்தார்கள். கடைசி ஆட்டப் பகுதியை நல்ல வேகத்தில், ஒரு ஸ்வரமும் சிதறாமல் முடித்தார்கள்.

அடுத்து மொசார்ட் 1785-ல் எழுதிய ஜி மைனர் குவார்டெட், நால்வர் உருப்படி. இங்கே வயலினைவிடச் சற்றுப் பெரிய, கனத்த குரலுள்ள வியோலா சேர்ந்துகொண்டது. நால்வரும் ஒரே வரியை ஒன்றாக, அழுத்தமாக எடுக்கிறார்கள். உடனே பியானோ மட்டும் தனியாகப் பதில் சொல்கிறது. கீரவாணி ராகம் கேட்ட காதுக்கு, மைனர் என்கிற அந்த ஸ்வர வரிசையின் கனம் உடனே பிடிபடும். ஆனால் இந்த உருப்படியில்தான் எனக்குக் குறை. பியானோவின் மூடியை முழுசாகத் திறந்து வைத்திருந்தார்கள். மரத் தரை வேறு. வேகமான இடங்களில் வியோலா இருந்த இடமே தெரியவில்லை. முதல் பகுதியின் காலப்பிரமாணமும் கொஞ்சம் ஓட்டமாக இருந்தது. அந்த மெட்டுக்கு நின்று பேச நேரம் கொடுத்திருக்கலாம். நடுப் பகுதி வந்ததும் எல்லாம் அடங்கி, நால்வரும் ஒருவரை ஒருவர் கேட்க ஆரம்பித்தார்கள்.

இடைவேளையில் டீயும் வர்க்கியும். டீ நல்ல ஆர்தடாக்ஸ் டீ, பால் தனியாக வைத்திருந்தார்கள். வெளியே மஞ்சு இறங்கி, எதிரே இருந்த சவுக்கு மரங்கள் மறைந்துவிட்டன. திரும்பி வந்தபோது பியானோ மூடியைச் சின்னக் கம்பில் தாழ்த்தி நிறுத்தியிருந்தார்கள். முதல் பாதியில் என்ன நடந்தது என்று அவர்களும் கேட்டிருக்கிறார்கள், உடனே சரிசெய்திருக்கிறார்கள். தேர்ந்த கலைஞர்களுக்கு அடையாளம் இதுதான் என்று என் மாணவிகளிடம் சொன்னேன்.

இனி அன்றைய மாலையின் மையம். ஷூபர்ட்டின் டிரவுட் குவிண்டெட், டிரவுட் என்ற நன்னீர் மீனின் பெயர் கொண்ட ஐவர் உருப்படி.

ஷூபர்ட் வியன்னாக்காரர். 1819 கோடையில், இருபத்திரண்டு வயதில், ஒரு பாடகர் நண்பரோடு மேல் ஆஸ்திரியாவின் ஸ்டெயர் என்ற ஊருக்கு விடுமுறைக்குப் போகிறார். மலையும் ஆறும் உள்ள ஊர். அங்கே இசைப் பித்துள்ள ஒரு பிரமுகர், தானே செல்லோ வாசிப்பவர், தன் வீட்டில் வாசிக்க ஒன்று எழுதித் தாருங்கள் என்று கேட்கிறார். டிரவுட் மீனைப் பற்றி ஷூபர்ட் ஏற்கெனவே மெட்டமைத்திருந்த பாட்டை உள்ளே வைக்கச் சொன்னவரும் அவர்தான். இப்படிப் பிறந்தது இது. அச்சில் வந்தது 1829-ல். அதற்கு முந்தைய வருடமே, முப்பத்தொரு வயதில், ஷூபர்ட் இறந்துவிட்டார்.

அந்த 1819-ல்தான் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நம் மலைக்கு முதன்முதலாக ஏறி வந்தார். எங்கள் கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இன்றும் இருக்கிறது. அதே வருடம் திருவையாற்றில் தியாகையர் பாடிக்கொண்டிருந்தார். முத்துசுவாமி தீட்சிதரும் சியாமா சாஸ்திரிகளும் இருந்தார்கள். தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தபோது ஐரோப்பியர் ஒருவரிடம் கற்றுக்கொண்ட வயலின் நம் சங்கீதத்துக்குள் நுழைந்து காலூன்றிக்கொண்டிருந்த காலம் அது. மணலியில் அவர் கையில் எடுத்த அதே வாத்தியத்துக்குத்தான் ஸ்டெயரில் ஷூபர்ட்டும் எழுதிக்கொண்டிருந்தார். இதை நினைத்தபோது எனக்கு மேடை இன்னும் பக்கத்தில் வந்தது மாதிரி இருந்தது.

இந்த ஐவரில் வழக்கமான இரண்டாவது வயலின் இல்லை. வயலின், வியோலா, செல்லோ ஒவ்வொன்று. அதற்கும் கீழே, இந்தக் குடும்பத்திலேயே பெரியதான டபுள் பேஸ். கூடவே பியானோ. தொடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு ஏ மேஜர் ஸ்வரக் கட்டு, அதாவது பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில்; பியானோ அடியிலிருந்து மேலே ஏறுகிறது; அடியில் டபுள் பேஸ் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது. ஸ்டூலில் சாய்ந்து, வில்லை மெதுவாக இழுத்து அந்த இளைஞர் பிடித்த கார்வை தரைப் பலகை வழியாக எங்கள் பாதத்துக்கு வந்தது. ஆமாம், பாதத்துக்கு. என் மாணவி ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் பலகையில் வைத்துப் பார்த்தாள். "டீச்சர், தம்புரா மாதிரி இருக்கு" என்று காதில் சொன்னாள். எந்த ஸ்பீக்கரும் இதைத் தராது.

நான்காவது பகுதியில் அந்த மீன் பாட்டு வருகிறது. முதலில் பியானோ கை கட்டி இருக்க, தந்தி வாத்தியங்கள் மட்டும் மெட்டை அடக்கமாக வைக்கின்றன. பிறகு பியானோ அதே மெட்டை எடுக்கிறது. அடுத்த முறை மெட்டு வியோலாவிடம் போகிறது, மேலே வயலின் சின்னச் சின்னதாகப் பின்னுகிறது. மூன்றாவது முறை செல்லோவும் பேஸும் மெட்டைத் தாங்க, பியானோ மேலே பொடிப் பொடியாகக் கொட்டுகிறது. நிரவல் கேட்டவர்களுக்கு இதைப் பின்தொடர்வதில் சிரமமே இல்லை. நிரவலில் வரியின் சொல் அதே இடத்தில் விழ, ராகம் விரிந்துகொண்டே போகும்; இங்கே மெட்டு முழுசாக அப்படியே நின்று கை மாறுகிறது, சுற்றிலும் உள்ளதுதான் மாறுகிறது. நான்காவதில் மைனருக்குத் திரும்பி ஒரு சீற்றம். ஐந்தாவதில் செல்லோ.

இந்த ஐந்தாவதைத்தான் நான் மறக்க மாட்டேன். செல்லோ வாசித்த அம்மையார் கண்ணை மூடவில்லை. பியானோக்காரரின் கையையே பார்த்தபடி, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி ஸ்வரத்தையும் துளி நேரம் அதிகம் வைத்திருந்து, பியானோ கூட வந்த பிறகுதான் விட்டார். இடதுகை விரல் தந்தியில் அசைந்த அசைவு ஸ்வரத்துக்கு ஸ்வரம் வேறாக இருந்தது: சிலவற்றில் அகலம், சிலவற்றில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கமகத்தை எங்கே கொடுக்கக் கூடாது என்று தெரிந்திருப்பதும் வித்தைதான். அது முடிந்ததும் ஷூபர்ட் அந்தப் பழைய பாட்டில் பியானோவுக்குக் கொடுத்திருந்த துள்ளலை அப்படியே கொண்டுவந்து வைக்கிறார். தண்ணீரில் மீன் புரள்கிற துள்ளல். அதுவரை பிடித்துவைத்திருந்து அப்போதுதான் கொடுக்கிறார்.

எங்கள் பக்கத்தில், நீலகிரியிலேயே உள்ள எமரால்டு என்ற ஊரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவலாஞ்சியில் 1907-ல் தொடங்கிய டிரவுட் குஞ்சு பொரிப்பகத்தை இளம் வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர். அந்த இடத்தில் என் பக்கம் சாய்ந்து, "அம்மா, கலங்காத தண்ணியில அது இப்படித்தான் திரும்பும்" என்றார். நம் மலையில் நிலைத்தது ரெயின்போ டிரவுட். ஷூபர்ட் பார்த்தது ஐரோப்பாவின் பழுப்பு டிரவுட். பாட்டில் தூண்டில்காரன் தண்ணீரைக் கலக்கிவிட்டுத்தான் மீனைப் பிடிக்கிறான். இதைப் பெரியவரிடம் சொன்னபோது, தெளிந்த தண்ணீரில் அதற்கு ஆள் நிழல் தெரிந்துவிடும், கிட்டவே வராது என்றார். கையில் கொடுத்த தாளில் இந்தக் கதை இருந்தது, ஆனால் முழுக்க ஆங்கிலத்தில். அடுத்த முறை ஒரு பக்கம் தமிழில் போட்டால் அவரைப் போன்றவர்களுக்கு இன்னும் எவ்வளவோ கிடைக்கும். ஏற்பாட்டாளர்களிடம் நேரில் கேட்டிருக்கிறேன். மொழிபெயர்த்துத் தரவும் தயார் என்று சொல்லியிருக்கிறேன்.

கடைசிப் பகுதியின் பாதியில் முடிந்துவிட்ட மாதிரியே ஒரு நிறைவு வருகிறது. பாதி மண்டபம் கைதட்டியது. ஐவரும் சிரித்துக்கொண்டு, ஒரு மூச்சு விட்டு, தொடர்ந்தார்கள். தட்டியவர்களைத் திரும்பி முறைத்தவர்கள் சிலர் இருந்தார்கள். அது தேவையே இல்லை. நல்ல சங்கதி விழுந்தால் அங்கேயே "பலே" சொல்கிற வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம்.

பியானோவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரம் அலையடித்தது. பியானோவில் மேலே உள்ள ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மூன்று தந்தி. அதில் ஒன்று இறங்கினாலும் இப்படி அலையும். மலையின் ஈரத்துக்கு மரம் உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், சுருதி நிற்காது. ஆனால் ஷூபர்ட் இதில் பியானோவின் இரண்டு கையையும் பெரும்பாலும் மேலேயே, எட்டாம் ஸ்வர இடைவெளியில் ஓடவிட்டிருக்கிறார். அதனால் அந்த ஒரு தந்தி திரும்பத் திரும்பக் காதில் பட்டது. காலையில் சுருதி சேர்த்தது போதாது. இடைவேளையிலும் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். இவ்வளவு நல்ல பியானோக்காரருக்கு இது அநியாயம்.

முடிந்து வெளியே வந்தபின் மாணவிகள் கேட்ட முதல் கேள்வி, "யாருமே தாளம் போடலையே, எப்படி டீச்சர் எல்லாரும் ஒண்ணா எடுத்தாங்க?" வயலின் வாசித்தவர் ஒவ்வொரு எடுப்புக்கும் முன்னால் மூக்கால் மூச்சிழுத்தது எங்கள் வரிசைக்குக் கேட்டது. அதுதான் சமிக்ஞை. மைக் இருந்திருந்தால் அது நமக்குத் தெரிந்திருக்காது. மறுநாள் வகுப்பில் மூவரும் அப்படி மூச்செடுத்து வர்ணத்தை ஒன்றாக எடுத்துப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை சரியாக விழுந்தது.

டிக்கெட் 400 ரூபாய், மாணவர்களுக்கு 100. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. கொடுத்த காசுக்கு இரட்டிப்பாகவே கிடைத்தது. சீசன் முடிவதற்குள் இன்னொரு மாலை இருக்கிறது என்று அறிவித்தார்கள். கீழேயிருந்து வண்டியில் வருகிறவர்கள், நீலகிரிக்குள் நுழைய எடுக்க வேண்டிய இ-பாஸை மறக்க வேண்டாம். சனிக்கிழமை குன்னூர் நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸை நம்பி வருகிறவர்கள் திரும்பும் வழிக்கு முன்னாலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், இரவில் கோத்தகிரி பக்கம் வண்டி குறைவு. மண்டபத்தில் ஹீட்டர் இல்லை, ஸ்வெட்டர் வேண்டும். பிள்ளைகளோடு வந்தால் முன் வரிசையில் வலது பக்கம் உட்காருங்கள். செல்லோவும் பேஸும் அந்தப் பக்கம்தான், விரல்கள் தெளிவாகத் தெரியும். மாணவர் டிக்கெட் வாசலில் மட்டும் கொடுக்கிறார்கள். பள்ளி அடையாள அட்டை கேட்பார்கள், எடுத்துப் போங்கள்.