பழைய புரோகிராமுக்கு 'சப்போர்ட்' விற்க வருகிறவர்களிடம் கவனம்

செம்பனைக் குலை எடை போடுகிறவர்கள், தோட்டத்துப் பக்கம் வொர்க்‌ஷாப், மளிகைக்கடை நடத்துகிறவர்கள், இன்னும் பழைய புரோகிராமில் கணக்கு எழுதுகிறவர்கள் எல்லாரும் இதைப் படியுங்கள். எனக்குப் போனது 4,800 வெள்ளி (ரிங்கிட்). தொலையாத கணக்கைத் 'தேடிக் கொடுத்ததற்கு' வாங்கிய 2,400-உம் அதில் அடக்கம்.

கடை சுங்கை சிப்புட்டில். சிறுதோட்டக்காரர்கள் கொண்டுவரும் குலையை எடை போட்டு, காய்வெட்டை (பழுக்காமல் வெட்டிய குலையை) கழித்து, முன்பணம் வாங்கியிருந்தால் அதையும் பிடித்துக்கொண்டு, ரசீதோடு மிச்சத்தைக் கொடுப்போம். இதற்கு 2003-ல் ஈப்போக்காரர் ஒருவர் ஒரு புரோகிராம் எழுதிக்கொடுத்தார். விஷுவல் பேசிக் 6-ல் எழுதியது, கணக்கு சேர்வது ஆக்சஸ் கோப்பில். அவர் காலமாகிவிட்டார், அதைப் பார்த்துக்கொள்ள இப்போது யாரும் இல்லை. ஆனாலும் ஒரு நாள் ரோசாக் ஆனதில்லை. எந்த பட்டனுக்கு என்ன வரும் என்று என் மனைவிக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால் ஈப்போவிலிருந்து ஒரு கம்பெனி ஆள் வந்தார். வருஷத்துக்கு 1,800 வெள்ளி கட்டினால் மெஷினில் உள்ள எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். எடை புரோகிராமைத் திறந்து காட்டி, "இதுவும் சேர்த்தியா?" என்று கேட்டேன். "எல்லாமேதான் அங்கிள்" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

நவம்பரில் புது ரசீது பிரிண்டர் மாட்டினோம். புரோகிராம் அதைப் பிடிக்கவில்லை. கடைசி லோரி போன பிறகு அந்தக் கம்பெனியின் தம்பி ஒருவர் தூரத்திலிருந்தே மெஷினுக்குள் வந்து ஏதோ செய்தார். "அங்கிள், இது எண்டர்பிரைஸ் டூல். சப்போர்ட் இல்லாத அப்ளிகேஷனையும் ஓட வைக்கும். லைசென்ஸ் மட்டும் 600 வரும்." பிரிண்டரும் வேலை செய்தது. அன்றிலிருந்து புரோகிராமைத் திறக்கும்போதெல்லாம் அனுமதி கேட்டு ஒரு பெட்டி வந்தது. அதை நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் காலை மனைவி திறந்தால் கடைசி ரசீது 2012 ஜூன் மாதத்தது. அதற்குப் பிறகு எழுதிய 13 வருஷக் கணக்கு எதுவும் இல்லை. வாசலில் மூன்று லோரி நிற்கிறது.

"டேட்டாபேஸ் கரப்ட், மெஷினை இங்கே கொண்டுவாங்க" என்றார்கள். மீட்டுக் கொடுக்க 2,400. ஒப்பந்தம் இருக்கிறதே என்றால், கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினார்கள். தயாரித்தவரின் ஆதரவு இல்லாத செயலியால் வரும் கோளாறு ஒப்பந்தத்தில் சேராதாம். அந்தச் செயலிக்கென்றுதானே 600 வாங்கினீர்கள் என்று கேட்க அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. பதற்றம்.

நான்கு நாள் கையால் எழுதினோம். யார் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று எங்களிடம் ஆதாரமே இல்லை. ஒரு பாட்டி மட்டும் பிஸ்கட் டின்னோடு வந்து, எல்லா ரசீதையும் மேஜையில் பரப்பி, தான் கட்ட வேண்டிய 150 வெள்ளியைத் தானே சொன்னார். எல்லாரும் அப்படியில்லை. மெஷின் திரும்பி வந்தபோது கடைசி லோரி வரை எல்லாக் கணக்கும் இருந்தது. கையெடுத்துக் கும்பிடாத குறை.

டிசம்பர் லீவுக்கு என் அக்கா மகன் வந்தான். பினாங்கில் கம்ப்யூட்டர் வேலை. கதையைக் கேட்டதும், "மாமா, கரப்ட் ஆன கோப்பு எப்படி ஒரு வரி விடாம திரும்பி வரும்?" என்று உட்கார்ந்துவிட்டான்.

அவன் சொன்னது இது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே, பழைய புரோகிராம்கள் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் எழுத விண்டோஸ் விடுவதில்லை. எழுத வந்தால் தடுக்காமல், அந்தக் கோப்பை நம் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் 'விர்ச்சுவல்ஸ்டோர்' என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். புரோகிராமுக்கு இது தெரியாது. பெயர்ப்பலகை முன்கடையில், கல்லாப்பெட்டி பின்வீட்டில் என்பது மாதிரி. 2012-ல் எக்ஸ்பியிலிருந்து விண்டோஸ் 7-க்கு மாறிய நாள் முதல் எங்கள் கல்லா பின்வீட்டில்தான் இருந்திருக்கிறது. அந்தத் தம்பி, புரோகிராம் எப்போதும் அட்மினிஸ்ட்ரேட்டராகவே, அதாவது மெஷினில் முழு அதிகாரத்தோடு, ஓடும்படி செய்துவிட்டார். அப்படி ஓடினால் இந்தத் திருப்பிவிடல் கிடையாது. புரோகிராம் நேரே முன்கடைக்குப் போய், 2012-ல் நாங்கள் வைத்த கோப்பைத் திறந்துவிட்டது.

கன்ட்ரோல் பேனலில் புரோகிராம்களின் பட்டியலைக் காட்டினான். அந்தத் தம்பி போட்ட ஃபிக்ஸ் அதில் தேதியோடு இருந்தது: கணக்கு 'தொலைந்ததற்கு' முந்தின நாள். விர்ச்சுவல்ஸ்டோரில் எங்கள் கோப்பு அப்படியே கிடந்தது, கடைசியாக மாறிய நேரம் அன்று மாலை கடைசி லோரியின் நேரம். அதைப் பிரதி எடுத்து முன்கடையில் போட்டதுதான் அவர்கள் செய்த 'மீட்பு'. 600 வாங்கிய டூலின் பெயர் கம்பாட்டிபிலிட்டி அட்மினிஸ்ட்ரேட்டர். மைக்ரோசாஃப்டே விண்டோஸ் ஏடிகே என்ற தொகுப்பில் இலவசமாகக் கொடுக்கிறது.

டூலைக் குறை சொல்ல மாட்டேன். இந்த மாதிரி புரோகிராம்களை ஓட வைக்கத்தான் அது இருக்கிறது. அந்தத் தம்பியின் முதல் தவற்றைக்கூட மன்னித்துவிடுவேன், தெரியாமல் நடந்திருக்கலாம். ஆனால் கோப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தவருக்கு, அது கெடவே இல்லை என்றும் தெரிந்துதானே இருக்கும்? அதன்பிறகு 2,400-க்கு பில் போட்டதை என்னவென்று சொல்வது?

போன் செய்தேன். "டேட்டா கிடைச்சுதா இல்லையா அங்கிள்?" என்றார் மேனேஜர். நுகர்வோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று விசாரித்தேன். 1999-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிறவர்களை நினைத்து எழுதியது, கடைக் கணக்குக்கு வாங்கிய சேவை அதில் நிற்பது கஷ்டம் என்றார் தெரிந்த வக்கீல். விட்டுவிட்டேன்.

நீங்கள் ஒப்பந்தம் போட்டால், உங்கள் புரோகிராமின் பெயரையே அதில் எழுதச் சொல்லுங்கள். யாரும் கை வைக்கும் முன் இரண்டு இடத்திலிருந்தும் பிரதி எடுங்கள்: புரோகிராம் ஃபைல்ஸில் உள்ள அதன் ஃபோல்டர், பிறகு யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர். ஆப்டேட்டா மறைந்திருக்கும், வியூவில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' டிக் செய்தால் தெரியும். புரோகிராமை மூடிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

எனக்கு நடந்தது உங்களுக்கும் நடந்திருந்தால், கோபத்தில் அந்த ஃபிக்ஸை உடனே அழித்துவிடாதீர்கள். இப்போது புதுக் கணக்கு முன்கடையில் சேர்கிறது. ஃபிக்ஸை எடுத்தால் பின்வீட்டில் கிடக்கும் நவம்பர் மாதக் கோப்பு மறுபடி முன்னால் வந்து நிற்கும். என் அக்கா மகன் முதலில் அந்தப் பழைய கோப்பின் பெயரை மாற்றி வைத்தான், மற்றதையெல்லாம் அதற்குப் பிறகுதான் தொட்டான்.